மாயம் போன்ற அறிவியலுக்கு ஒரு சொல் வேண்டும் (வியாழன் மாலை 4 மணிக்குள்)

காரைக்குடி ஆசிரியை — திங்கள், இரவு 9.40

நம் கலைச்சொல் குழுவில் எல்லோருக்கும் வணக்கம். அவசரம்.

வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. எரிமலை, காற்றாலை, மழைநீர்த் தொட்டியெல்லாம் போன வருடமே செய்தாயிற்று என்று ஒன்பதாம் வகுப்பு ஒரே பிடியாக நின்றுவிட்டது. சூப்பர் ஹீரோ படங்களில் மந்திரமாகத் தெரிவதை முன்னேறிய அறிவியல் என்று சொல்லிவிடுகிறார்களே, அதைத்தான் எடுத்திருக்கிறார்கள். நான்கு சார்ட், அட்டையில் ஒரு சுத்தியல், தெர்மோகோலில் ஒரு வானவில் பாலம்.

இந்தக் கருத்துக்குத் தமிழில் பெயர் இல்லை. பிள்ளைகள் 'மந்திர அறிவியல்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. போன வாரம் ஒரு பையன் கையில் கட்டியிருந்த தாயத்தைக் காட்டி, "இதுவும் நமக்கு இன்னும் புரியாத சயின்ஸ்தானே டீச்சர்?" என்று கேட்டான். அவனோடு பேச உதவும் சொல்லாக இருக்க வேண்டும். தாயத்துக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுக்கும் சொல்லாக இருக்கக் கூடாது.

ஒரே சொல். பதினான்கு வயதுப் பிள்ளை மைக்கில் தடுக்காமல் சொல்ல வேண்டும். பிளெக்ஸ் கடைக்காரர் வியாழன் மாலை 4 மணிக்கு மேல் தலைப்பு வாங்க மாட்டார்.


புதுவயல் தம்பி (பெங்களூரிலிருந்து) — திங்கள், இரவு 10.25

அக்கா, படம் பார்க்காத பெரியவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்குக் காலையில் தேவகோட்டை ஐயா நேராகச் சீவக சிந்தாமணிக்குப் போய்விடுவார்.

2011-ல் வந்த 'தோர்' படத்தில் இடிக்கடவுள் வானத்திலிருந்து பூமியில் விழுகிறார். அவர் வந்த வழி வானவில் பாலம். அதைப் பார்க்கும் வானியற்பியல் பெண் 'ஐன்ஸ்டைன்-ரோசன் பாலம்' என்கிறாள். அவர்கள் இருவரும் 1935-ல் எழுதிய கட்டுரையில் வரும் கணக்கு அது. இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குவழி. உங்கள் முன்னோர் மந்திரம் என்றதை நீங்கள் அறிவியல் என்கிறீர்கள், என் ஊரில் இரண்டும் ஒன்றுதான் என்று தோர் அவளிடம் சொல்கிறார். மந்திரம் என்பது நமக்கு இன்னும் புரியாத அறிவியல் என்று அவளும் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் பேரைச் சொல்லிப் பேசுகிறாள்.

2013-ல் அடுத்த படம். அதுதான் நம் குழுவுக்கான காட்சி. வைத்தியசாலையில் ஒரு கருவி. அந்த ஊர்க்காரர்கள் அதற்கு 'ஆன்ம உலை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இவள் அது செய்யும் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, 'குவாண்டம் புல ஆக்கி' என்று தன் ஊர்ப் பெயரைச் சூட்டுகிறாள். கருவி ஒன்று, கலைச்சொல் இரண்டு. நாம் பன்னிரண்டு வருடமாக இங்கே செய்வதும் அதுதானே!

2016-ல் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்'. கை நரம்பு சிதைந்த அறுவை மருத்துவர் காத்மாண்டுவில் குருவிடம் போகிறார். மந்திரம் என்ற சொல் உனக்கு ஒத்துவரவில்லையா, ப்ரோகிராம் என்று வைத்துக்கொள் என்கிறார் குரு. அங்கே ஒருவர் ஒரு சீட்டை நீட்டுவார், அதில் ஒரே ஒரு சொல். "இது என்ன, என் மந்திரமா?" என்று டாக்டர் கேட்பார். இல்லை, வைஃபை பாஸ்வேர்டு!

என் ஓட்டு 'மேஜிக் சயின்ஸ்'. புரியும். சண்டை வேண்டாம்.


தேவகோட்டை — செவ்வாய், காலை 4.50

புதுவயல் தம்பி நகைச்சுவையாகச் சொன்னது தொல்காப்பியச் செய்தி என்று அவருக்கே தெரியாது.

'நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த
மறைமொழி தானே மந்திரம் என்ப'

செய்யுளியல். ஆணை என்ற சொல்லைக் கவனியுங்கள். கணினிக்கு இடுவதையும் ஆணை என்றுதான் சொல்கிறோம். மறைமொழி என்பதையும் கவனியுங்கள். பாஸ்வேர்டை வேறு எப்படிச் சொல்வது? அந்தச் சீட்டு மந்திரமும்தான், கடவுச்சொல்லும்தான். டாக்டர் கேட்டதில் பிழையில்லை.

இனி, கேட்ட சொல்லுக்கு வருகிறேன். புதிதாக ஆக்க வேண்டிய வேலையே இல்லை. இருக்கிறது: விஞ்சை.

சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் இந்திரவிழாப் பார்க்கப் புகாருக்கு வருகிறானே, அவன் விஞ்சையன். மணிமேகலையில் யானைத்தீப் பசியோடு அலையும் காயசண்டிகை விஞ்சை மகள். வானத்தில் பறப்பார்கள், உருமாறுவார்கள். இன்றைய சூப்பர் ஹீரோக்கள் செய்யும் அத்தனையும் செய்வார்கள். அவர்களுக்குப் பெயர் எதனால் வந்தது? விஞ்சை என்றால் வித்தியை, கல்வி. கற்றதனால் பறக்கிறார்கள்! அறிவும் மாயமும் ஒரே சொல்லில் இருக்கின்றன. தோர் ஊரில் இரண்டும் ஒன்று என்றால், புகாரிலும் ஒன்றாகத்தான் இருந்தன.

வடசொல் என்று யாராவது கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன். விஞ்சு என்னும் வினை நம்முடையது. மிஞ்சு என்பதன் உடன்பிறப்பு. விஞ்சு + ஐ = விஞ்சை. பிற அறிவையெல்லாம் விஞ்சி நிற்பது. நாற்பது வருடமாகச் சொல்லிவருகிறேன், ஏற்பார் இல்லை.

சிந்தாமணியில் மயிற்பொறி இருக்கிறது, அரசி விசயை வலப்பக்கம் திருகினால் எழும்பும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். அதைப் பற்றித் தனியே எழுதுகிறேன்.


பள்ளத்தூர் ஆச்சி — செவ்வாய், காலை 7.30

தேவகோட்டை ஐயா, ஒரே மூச்சில் அது வித்தியையிலிருந்தும் வந்தது, விஞ்சிலிருந்தும் வந்தது என்றால் எதைத்தான் எடுத்துக்கொள்வது? மருமகளுக்கு இரண்டு பிறந்த வீடா?

விஞ்சை என்று என் பேத்தியிடம் சொல்லிப் பார்த்தேன். "விஞ்சைன்னா மிச்சமா ஆயா?" என்றாள்.

வித்தியைதான் மூலம் என்றால் அதன் இன்னொரு பிள்ளை நம் வீட்டிலேயே உயிரோடு இருக்கிறதே. வித்தை. பையன் வித்தை கற்கிறான் என்றால் படிப்பு. வித்தை காட்டுகிறான் என்றால் கண்கட்டு. ஐயா கேட்கிற இரண்டும் அதில் இருக்கின்றன, மைக்கிலும் தடுக்காது. விஞ்சையைச் சுவடியிலிருந்து எழுப்பி முகம் கழுவி உட்கார வைப்பதற்கு வியாழக்கிழமை போதாது.

இன்னொன்று. எங்கள் வீட்டைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். வந்தவர்கள் எல்லோரும் இரண்டாங்கட்டுச் சுவரைத் தடவிப் பார்த்து, என்ன பெயிண்டு என்று கேட்பார்கள். பெயிண்டு இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் என்றால் அதையும் நம்ப மாட்டார்கள். ஆத்தங்குடிக் கல்லும் அப்படித்தான். சூளை கிடையாது. கண்ணாடிப் பலகை மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, உலர்த்தி, தண்ணீரில் ஊற வைத்து எடுத்தால் கண்ணாடி பட்ட பக்கம் பளபளக்கும். பார்க்கிறவர்களுக்கு மாயம். செய்கிறவருக்கு இடுப்பு வலி. அம்மா கேட்கிற சொல் அந்தப் பொருளில் இல்லை, பார்க்கிறவர் கண்ணில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.


கானாடுகாத்தான் — செவ்வாய், காலை 10.05

ஆச்சி சொன்னது அருமை, ஆனால் பாதிதான். கண்ணில் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் பொருளே பொய் என்றாகிவிடும். கோவிலூர் மடத்து வேதாந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் மாயை என்றதும் கயிற்றில் தெரியும் பாம்பு என்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு அந்த மாயை உதவாது.

சைவ சித்தாந்தத்தில் மாயை உள்பொருள். பொய்த்தோற்றம் அன்று. உலகம் அதிலிருந்து தோன்றி அதிலேயே ஒடுங்குகிறது. மாய்தல் ஒடுக்கம், ஆதல் தோற்றம். குடத்துக்கு மண் எப்படியோ, உலகத்துக்கு மாயை அப்படி. அதாவது பருப்பொருளின் மூலம். இயற்பியல் ஆசிரியையிடம் இதை நான் விளக்க வேண்டுமா? மாயம் என்பதை அறிவியலுக்கு எதிர்ச்சொல்லாக நினைத்ததே நம் பிழை.

உமாபதி சிவம் திருவருட்பயனில் சொல்கிறார்: 'விடிவாம் அளவும் விளக்கனைய மாயை'. விடியும்வரை கையில் வைத்திருக்கும் விளக்கு. இன்னும் புரியாத அறிவியல் என்று அந்தப் படத்துப் பெண் எதைச் சொல்கிறாளோ அதற்கு இதைவிட நல்ல உவமை கிடைக்காது.

என் பரிந்துரை: மாயையியல்.


மட்டுறுத்துநர் — செவ்வாய், காலை 10.40

நண்பர்களே, இன்னும் இரண்டு நாள்தான். 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்று தொல்காப்பிய உரியியலில் இருப்பதை நினைவூட்டுகிறேன். காரணம் தோன்றாவிட்டாலும் சொல் தோன்ற வேண்டும்.


புதுவயல் தம்பி — செவ்வாய், காலை 11.00

மாயையியல். யை-யி. மைக்கில் சொல்லிப் பார்த்தீர்களா ஐயா?


மின்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் — செவ்வாய், மாலை 5.15

நான் தமிழ்ப் புலவனல்ல. முப்பத்தோரு வருடம் முலாம் தொட்டிப் பக்கத்தில் நின்றவன். ஒரு சின்னச் செய்தி மட்டும்.

எங்கள் நிறுவனத்தின் தமிழ்ப் பெயரில் 'வேதியியல்' இருக்கிறது. வேதித்தல் என்றால் என்ன? இரும்பைப் பொன்னாக மாற்றுவது. இரசவாதிகளின் வினை. அந்த மந்திரவாதப் பேச்சிலிருந்துதான் ஒரு அறிவியலுக்கே பெயர் எடுத்திருக்கிறோம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டி, காரைக்குடியில் உட்கார்ந்திருக்கிறது அந்தச் சொல். யாரும் அதைப் பார்த்துப் பயப்படவில்லை. ஆகவே மந்திரப் பக்கத்துச் சொல் அறிவியலுக்கு ஆகாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

டீச்சருக்கு ஒரு யோசனை. மேசையில் மயில்துத்தக் கரைசல் வையுங்கள். துருவில்லாத இரும்பாணியைத் தேய்த்துப் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் ஆணி செம்பு நிறமாகிவிடும். இரும்பு செம்பாகிவிட்டது என்று இரசவாதிகள் இதைத்தான் சாட்சி காட்டினார்கள். ஆகவில்லை. மேலே படிந்தது கரைசலில் இருந்த செம்பு, அதற்கு ஈடாக இரும்பு கரைந்து போகிறது, நீலம் வெளுக்கிறது. ஆணியைச் சுரண்டினால் உள்ளே பழைய இரும்பு. எவ்வளவு கரைந்தது, எவ்வளவு படிந்தது என்று எடை போட்டுக் கணக்குக் காட்டலாம். அந்தத் தாயத்துப் பையனிடம், உன் தாயத்தையும் இப்படிச் சுரண்டி எடை போட விடுவாயா என்று கேளுங்கள்.


யாழ்ப்பாணத்து நண்பர் — செவ்வாய், இரவு 11.50

இஞ்சை நாங்கள் விஞ்ஞானம் என்றுதான் படிச்சனாங்கள். அறிவியல் என்றால் எங்கட அம்மம்மாவுக்கு விளங்காது. விஞ்சையும் விஞ்ஞானமும் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்குது. தேவகோட்டை ஐயா அந்தப் பக்கமும் ஒருக்கா யோசிக்கலாம். கானாடுகாத்தான் ஐயாவுக்கு ஒரு கேள்வி: சித்தாந்தத்தில் ஆணவ மலம் மட்டும் உள்ள உயிர்களை விஞ்ஞானகலர் என்பது ஏன்?

கிளார்க்கின் பெயர் வந்ததால் ஒரு தகவல். அந்த மனுசன் 1956 முதல் இலங்கையில் இருந்தவர், 2008-ல் கொழும்பில் காலமானவர். மாயம் பற்றின அவருடைய விதியை 'Profiles of the Future' என்ற புத்தகத்தின்ர 1973-ல் வந்த திருத்திய பதிப்பில் எழுதினவர். தமிழ் பேசுற தீவிலிருந்து எழுதின விதிக்கு இன்னும் தமிழ்ச்சொல் இல்லை என்பது எங்களுக்கும் வெட்கம்தான்.

தூய்மைச் சண்டை தொடங்க முன்னம் பிஷ் கிறீனை நினைச்சுக்கொள்ளுங்கோ. எங்கட மண்ணில் இருந்து வைத்தியத்தைத் தமிழில் படிப்பிச்ச அமெரிக்கர். அவர் வழியில் 1875-ல் வந்த இரசாயன நூலுக்குப் பெயர் 'கெமிஸ்தம்'. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் வால். அந்தச் சொல் நிலைக்கேல்லை, ஆனால் அதைப் படிச்சவர்கள் வைத்தியர் ஆனார்கள்.


கானாடுகாத்தான் — புதன், காலை 6.20

நல்ல கேள்வி. விஞ்ஞானத்தால் கலை நீங்கியவர் விஞ்ஞானகலர். கலை என்பது அங்கே மாயையின் காரியம். அப்படியானால் பாருங்கள், விஞ்ஞானம் வந்தால் மாயை விலகும்! படத்துக் கதையே அதில் இருக்கிறது. பிரளயாகலர், சகலர் என்னும் மற்ற இருவகையையும் விரித்து எழுதுகிறேன்...

(தொடரும்)


காரைக்குடி ஆசிரியை — புதன், காலை 8.15

எல்லோருக்கும் நன்றி. சகலர் வேண்டாம் ஐயா, தயவுசெய்து.

இரவு முழுக்க யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. கிளார்க் எழுதியதையும் படத்துப் பெண் சொல்வதையும் பிள்ளைகள் ஒரே சார்ட்டில் அடுத்தடுத்து எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. போதிய அளவு முன்னேறிய தொழில்நுட்பத்தை மாயத்திலிருந்து பிரித்தறிய முடியாது என்பதுதான் கிளார்க்கின் விதி. மாயம் என்பதே இன்னும் புரியாத அறிவியல் என்கிறாள் அவள். கிளார்க் பால் வெளுத்திருக்கும் என்கிறார். படம் வெளுத்ததெல்லாம் பால் என்கிறது.

தாயத்துப் பையன் வெளுத்ததைப் பார்த்துத்தான் பால் என்கிறான். அவன் மேல் பிழையில்லை, படம் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது. ஆகையால் சொல்லுக்குத் திசை இருக்க வேண்டும். அறிவியலில் தொடங்கி மாயமாய்த் தெரிவது. எதிர்த்திசையில் திரும்பக் கூடாது.

தோரின் சுத்தியலில்தான் பிள்ளைகளே மாட்டிக்கொண்டார்கள். இறக்கும் விண்மீனின் நெஞ்சில் காய்ச்சி அடித்தது என்கிறார்கள், சரி, ஏதோ உலோகவியல். ஆனால் தகுதி உள்ளவன்தான் தூக்க முடியும் என்கிறதே? 2015 படத்தில் அயர்ன் மேன் அதற்குக் கைரேகைப் பூட்டு என்று விளக்கம் சொல்கிறார், தூக்க முடியாமல் தோற்ற பிறகு. "டீச்சர், தகுதிக்கு அலகு என்ன?" என்று முதல் பெஞ்சுப் பெண் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அதை அப்படியே சார்ட்டில் எழுதச் சொல்லிவிட்டேன்.


தேவகோட்டை — புதன், காலை 9.00

ஆசிரியை திசை என்று சொல்வது இலக்கணத்தில் தொகை விரியும் வழி. 'மாய அறிவியல்' என்று வைத்தால் எப்படி விரிப்பீர்கள்? மாயமாகிய அறிவியல் என்றால் இருபெயரொட்டு, தாயத்து உள்ளே வந்துவிடும். மாயம் போன்ற அறிவியல் என்றால் உவமைத்தொகை, அதுதான் வேண்டியது. மாயத்தை ஆராயும் அறிவியல் என்றால் உருபும் பயனும் உடன்தொக்க தொகை, அது வேறு துறை. தொகை ஏழு பொருள்வரை மயங்கும் என்கிறது நன்னூல். சார்ட்டில் நின்று விளக்க நன்னூலார் வரமாட்டார்.

வித்தை என்ற ஆச்சியின் சொல்லும் அப்படியே. குரங்காட்டியும் வித்தைதான் காட்டுகிறான்.


பள்ளத்தூர் ஆச்சி — புதன், காலை 9.40

குரங்காட்டி கையில் இருப்பதும் பயிற்சிதானே ஐயா. சரி, விட்டுவிடுகிறேன்.

எட்டாக்கனி என்கிறோமே, அதுபோல எட்டா அறிவியல் என்றால் என்ன? இன்னும் கைக்கு எட்டாதது. பார்க்கிறவர் நிற்கிற இடமும் அதில் வந்துவிடும்.


புதுவயல் தம்பி — புதன், காலை 9.52

ஆச்சி, சேர்த்து எழுதினால் எட்டாவறிவியல். பிள்ளைகள் 'எட்டாவது அறிவியல்' என்று படிப்பார்கள். ஒன்பதாவது பிள்ளைகள் எட்டாவது அறிவியலோடு நின்றால் ஊரே சிரிக்கும்.


பள்ளத்தூர் ஆச்சி — புதன், காலை 9.58

😄 போச்சு. பேத்தியும் அதையேதான் சொன்னாள்.


தேவகோட்டை — புதன், மதியம் 1.10

மயிற்பொறி பற்றி எழுதுகிறேன் என்றேன். அரசன் சச்சந்தன் ஒரு வினைவல்லானைக் கொண்டு செய்விக்கிறான். விசயை ஏறிக்கொள்கிறாள். 'பொறிவலம் திரிப்பப் பொங்கி விண்தவழ் மேகம் போழ்ந்து' போகிறது. மந்திரம் இல்லை, தெய்வம் இல்லை. திருகுதான். திருத்தக்கதேவர் வேறிடத்தில் சுதஞ்சணன் என்னும் இயக்கன் வாயால் சீவகனுக்கு மூன்று மந்திரம் கொடுக்கிறார். மந்திரம் எது, பொறி எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டையும் ஒரே காப்பியத்தில் வைத்தும் கலக்கவில்லை.


பெயர் குறிப்பிடாத உறுப்பினர் — புதன், மதியம் 1.30

அப்படியானால் தமிழன் அந்தக் காலத்திலேயே ஹெலிகாப்டர் வைத்திருந்தான் என்று ஆகிறதே! ஏன் இதைப் பள்ளியில் சொல்வதில்லை?


மின்வேதியியல் ஓய்வு — புதன், மதியம் 1.45

எரிபொருள் என்ன, எடை எவ்வளவு, இறகு எத்தனை சுற்று என்று புலவர் சொல்லவில்லையே ஐயா. கவி பறந்தார். மயில் ஏட்டில் இருக்கிறது. அதுவும் ஊருக்கு வெளியே சுடுகாட்டில்தான் இறங்கியது.


தேவகோட்டை — புதன், மதியம் 2.00

நான் ஹெலிகாப்டர் என்று சொல்லவில்லை என்பது பதிவாகட்டும். பொறி என்ற சொல்லின் பயன்பாட்டைத்தான் சொன்னேன்.


மட்டுறுத்துநர் — புதன், இரவு 8.00

பதிவாயிற்று. விமானம் தொடர்பான மடல்கள் இந்த இழையில் வேண்டாம்.


புதுவயல் தம்பி — புதன், இரவு 11.15

தேவகோட்டை ஐயா மன்னிக்க வேண்டும். உங்கள் இரண்டாவது வேரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விஞ்சு + அறிவியல் = விஞ்சறிவியல். ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகை. விஞ்சிய, விஞ்சுகின்ற, விஞ்சும் அறிவியல். பள்ளியில் நீங்கள் அடித்துச் சொல்லிக் கொடுத்தது இது ஒன்றுதான் எனக்கு மறக்கவில்லை.

அக்கா கேட்ட திசையும் இதில் இருக்கிறது. தலைமைச் சொல் அறிவியல். மாயம் என்ற சொல்லே இல்லை, அதனால் தாயத்துக்கு வாசல் இல்லை. எதை விஞ்சியது? நம் அறிவை. அப்படியானால் ஆச்சி சொன்ன பார்க்கிறவர் கண்ணும் வந்துவிட்டது. கிபி மூன்றாயிரத்தில் நமக்கு அது வெறும் அறிவியலாகிவிடும், அப்போது வேறொன்று விஞ்சி நிற்கும். முக்காலமும் உண்டு.


கானாடுகாத்தான் — வியாழன், காலை 5.30

எழுத்து எண்ணிக்கை குறைவு, சரி. ஆனால் பொருள்? ஓட்டப்பந்தயத்தில் ஒருவன் இன்னொருவனை விஞ்சினான் என்பது போல் இருக்கிறது. வியப்பு இல்லை. மாயம் என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளே ஒன்று திறக்கிறதே, அது இதில் இல்லை. பிள்ளைகள் அந்தப் படங்களைப் பார்ப்பது அதற்காகத்தான், உலோகவியலுக்காக அல்ல.


பள்ளத்தூர் ஆச்சி — வியாழன், காலை 7.10

கானாடுகாத்தானார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விஞ்சறிவியல் கணக்குப்பிள்ளை பேச்சுப்போலத்தான் இருக்கிறது. ஆனால் பேத்தி ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள், "இன்னும் மேல போன சயின்ஸா ஆயா?" என்றும் கேட்டாள். அர்த்தம் கேட்காமலே வந்துவிட்டது. என் ஓட்டு அதற்கு.


தேவகோட்டை — வியாழன், காலை 8.00

வினைத்தொகை சரி. புணர்ச்சி சரி. குற்றம் காண முடியவில்லை, அதுதான் என் குறை. விஞ்சை என்று இரண்டாயிர வருட வீடு ஒன்று இருக்க, அதன் ஒரு கல்லைப் பெயர்த்துப் புதுத் திண்ணை கட்டுகிறீர்கள். வடசொல் என்றாலும் 'வடவெழுத்து ஒரீஇ' வந்தால் தமிழே என்று தொல்காப்பியர் இடம் கொடுத்திருக்கிறார். நீங்கள் கொடுக்கவில்லை.


மட்டுறுத்துநர் — வியாழன், மதியம் 12.30

கணக்கு: விஞ்சறிவியல் நான்கு. விஞ்சை ஒன்று. மாயையியல் ஒன்று. யாழ்ப்பாணத்து நண்பர் 'விஞ்சுவிஞ்ஞானம்' என்று எழுதிவிட்டுப் பிறகு அழித்துவிடச் சொன்னார். ஓட்டளித்தவர்கள் பலரும் "சரி, ஏதோ ஒன்று" என்று சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.


காரைக்குடி ஆசிரியை — வியாழன், மாலை 3.50

கடையில்தான் நிற்கிறேன். விஞ்சறிவியல் என்று பெரிதாக. அதன் கீழே சிறிய எழுத்தில் 'மாயம்போல் தோன்றும், மாயம் அன்று'. கடைப்பையன் முதலில் 'விஞ்ஞறிவியல்' என்று அடித்துவிட்டான், யாழ்ப்பாணத்து நண்பர் மகிழ்ந்திருப்பார். திருத்தியாயிற்று.

கானாடுகாத்தான் ஐயாவின் விளக்கு வரியை மூன்றாம் சார்ட்டின் மேலே எழுதச் சொல்லியிருக்கிறேன். மயில்துத்தமும் ஆணியும் தாயத்துப் பையன் பொறுப்பு, அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.

பிளெக்ஸின் அடியில் 'சொல் உதவி' என்று நம் குழுவினரின் ஊர்களைப் போடலாமா? பத்து நிமிடத்தில் சொல்லுங்கள்.


தேவகோட்டை — வியாழன், மாலை 3.56

மற்ற ஊர்களைப் போடு அம்மா. தேவகோட்டை வேண்டாம். விஞ்சை என்று போட்டிருந்தால் சரி என்றிருப்பேன்.